கோடும் காலடியும் – 11: சித்திரமாகவே ஆடுகிறவர்

நடராசர் ஆடும் சபைகள் ஐந்து என்பது சைவ மரபு. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் செம்பு, திருவாலங்காட்டில் இரத்தினம். ஐந்தாவது குற்றாலத்தில் இருக்கிறது. அதன் பெயரில் உலோகமும் இல்லை, மணியும் இல்லை. சித்திர சபை என்றே பெயர். மற்ற நான்கு ஊர்களிலும் ஆடுகிறவரைத் திருமேனியாகப் பார்க்கிறோம். இங்கே அவர் சுவரில் தீட்டிய ஓவியம். பூவும் விளக்கும் தீபாராதனையும் அந்த ஓவியத்துக்கே நடக்கின்றன.

ஆட்டத்தைக் கோட்டில் பிடிப்பதற்காகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிற எனக்கு இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆட்டத்தை வரைய முடியும், வரைந்ததன் முன்னால் கைகூப்பி நிற்கவும் முடியும் என்று பல தலைமுறைகளுக்கு முன்பே ஓர் ஊர் தீர்மானித்திருக்கிறது. ஓவியத்தை நாம் பெரும்பாலும் அலங்காரமாகத்தான் நினைக்கிறோம். சுவரை நிறைக்க, புத்தகத்தின் பக்கத்தை நிறைக்க என்று அதை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டோம். குற்றாலத்தில் அது கருவறைக்குள்ளேயே போய் நிற்கிறது.

குற்றாலநாதர் கோயில் பேரருவிக்குப் பக்கத்தில், தண்ணீர் இரைச்சலுக்குள் இருக்கிறது. சித்திர சபை அங்கிருந்து சற்று விலகி, தனக்கென்று ஒரு தெப்பக்குளத்தோடு தனிக் கட்டடமாக நிற்கிறது. சாரல் காலத்தில் அருவிக்கரை முழுக்க எண்ணெய்த் தலைகளும் ஈரத் துண்டுகளும்தான். அந்தக் கூட்டத்தில் சபைப் பக்கம் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. உள்ளே போனால் கண் பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு சுவர் மெதுவாகத் துலங்கத் தொடங்கும். மூலிகைச் சாற்றிலும் மண்ணிலும் எடுத்த வண்ணங்கள் என்று சொல்வார்கள். காவி, மஞ்சள், பச்சை, இடையிடையே கறுப்புக் கோடு. சுவர் நெடுகப் புராணக் காட்சிகள். அவற்றைக் கடந்து உள்ளே போனால் ஆடுகிறவரும் அருகில் சிவகாமியும். மார்கழித் திருவாதிரை விழாவில் இங்கே பச்சை சாத்தித் தாண்டவ தீபாராதனை நடக்கும். தீபம் ஏறி இறங்கும்போது சுவரில் இருக்கிற கால்கள் அசைவதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆட்டம் நகர்ந்துகொண்டே இருப்பது, கோடு நிற்பது. நகர்வதை நிற்பது எப்படிப் பிடிக்கும்? பல ஆண்டுகள் வரைந்தபின் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான். கையையும் முகத்தையும் விட்டுவிட்டு, உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆனந்த தாண்டவத்தில் எல்லாருடைய கண்ணும் தூக்கிய இடது காலுக்குத்தான் போகும். அந்தக் காலைத் தூக்க விடுவது ஊன்றிய வலது கால். தொண்டைக் குழியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொண்டால், அந்த நூல் ஊன்றிய பாதத்தின்மேல் வந்து விழ வேண்டும். விழுந்தால் உருவம் நிற்கும். விழாவிட்டால் எவ்வளவு அழகாக விரல் வரைந்தாலும் ஆள் சாய்ந்துவிடுவார். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடுகிறார். வலது காலைத் தூக்கி இடதை ஊன்றுகிறார். அங்கேயும் நூல் ஊன்றிய காலுக்கே போகிறது. தாளில் நான் முதலில் போடுவது இந்த ஒரு நிலைக்கோடு. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

இந்தப் பாடத்தைச் சரிபார்க்கத் தென்காசியைவிட நல்ல இடம் இல்லை. காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. இப்போது நாம் அண்ணாந்து பார்க்கிற ராஜகோபுரம் 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும். பரீட்சை அட்டையில் கிளிப் போட்டிருந்தாலும் தாள் படபடக்கும். அதைக் கடந்து மண்டபத்துக்குள் போனால் ஒரே கல்லில் எடுத்த ஆளுயரச் சிற்பங்கள் தூண்களில் நிற்கின்றன. வீரபத்திரர், ரதி, மன்மதன், தாண்டவ மூர்த்தி, காளி. வீரபத்திரரின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். பாரம் இரண்டு காலுக்கும் சமமாகப் பிரியவில்லை. ஒரு காலில் இறங்கி, மறு காலில் பாய்வதற்காகத் தேங்கி நிற்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று கல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரதியின் இடுப்பு ஒடிவும் அப்படித்தான். நளினத்துக்காக மட்டும் ஒடித்தது என்று நினைத்தால் தவறிவிடுவோம். ஒரு பக்கம் பாரம் போனதால் மறு பக்கம் ஏறுகிறது. கல்தச்சர் ஆட்டக்காரர்களை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்க்காதவர் கை இதைச் செய்யாது.

பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலில் ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டி வைத்தான். பின்னாளில் இதற்குப் பழுது நேர்ந்தால் திருத்திக் காப்பவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பது அதன் பொருள். ஒரு மன்னன் முகம் தெரியாத மனிதர்களிடம் இப்படி இறங்கி நிற்கிறான். அதைப் படித்த பிறகும், பழைய ஓவியச் சுவரில் சாவியால் தன் பெயரைக் கீறிவிட்டுப் போக ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது? நம் ஊர்களில் சுவரோவியம் உள்ள கோயில் எதற்குப் போனாலும் இந்தக் கீறலைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

கோயிலுக்குள் உட்கார்ந்து வரைகிற எவருக்கும் தமிழில் ஒரு முன்னோர் உண்டு. 1919-இல் பிறந்த நாமக்கல்காரர் பி.எம். ஸ்ரீனிவாசன். அவரை ஓவியப் பள்ளிக்கு அனுப்பத் தூண்டியவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, கவிஞரே ஓவியரும்தான். சென்னையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் பள்ளியில் படித்து, ஆனந்த விகடனுக்கு வந்தபோது ஓவியர் மாலி அவருக்குச் 'சில்பி' என்று பெயர் சூட்டினார். 1940-களின் இறுதியில் தொடங்கிய 'தென்னாட்டுச் செல்வங்கள்' அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புகைப்படத்தைப் பார்த்து வரைகிற வேலை அவரிடம் இல்லை. சிலைக்கு எதிரில் உட்கார்ந்து, அணிகலனின் ஒவ்வொரு மணியையும் கண்ணால் எண்ணி வரைந்தார். எழுத்தாளர் தேவன் அந்தப் படங்களுக்கான கட்டுரைகளை எழுதினார். அந்தப் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து வைத்திருந்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. 1983-இல் சில்பி மறைந்தார். இன்றும் பழைய கோயிலொன்றில் இருட்டு மூலையில் ஒரு சிற்பத்தைத் தேடிப் போகும்போது, அவர் படத்தில் பார்த்ததால்தான் அது அங்கே இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ கல் முகங்களை நமக்குக் காட்டிக் கொடுத்த கை அது.

சில்பி வரைந்தது நிற்கிற ஆட்டத்தை. நகர்கிற ஆட்டத்தை வரைய வேறு பயிற்சி வேண்டும். அதில் எனக்குப் பிடித்த கதை ஐரோப்பாவில் நடந்தது. 1906 ஜூலையில் கம்போடிய மன்னர் சிசொவாத்தோடு அவருடைய அரண்மனை ஆட்டப் பெண்கள் பாரிசுக்கு வந்தார்கள். சிற்பி ரோதின் அவர்களைப் பார்த்தார். அப்போது அவருக்கு 65 வயது. அவர்கள் மார்செய் துறைமுகத்துக்குக் கிளம்பியதும் வேலையெல்லாம் விட்டுவிட்டு அவரும் பின்னாலேயே ரயிலேறினார். சில நாள்களில் ஏறத்தாழ 150 படங்கள் வரைந்தார். வரையும்போது அவர் கண் தாளுக்கு வராது. ஆடுகிற உடம்பின்மேலேயே இருக்கும், கை தானாக ஓடும். அதே ரோதின் பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்துச் செப்பு நடராசர்களின் புகைப்படங்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் ஒருவர் திருவாலங்காட்டார். இரத்தின சபை ஊரின் நடராசருக்கு முன்னால், கடல் கடந்த ஒரு கிழச் சிற்பி படத்தை வைத்துக்கொண்டு உருகி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

தாளைப் பார்க்காமல் வரைகிற பழக்கத்தை நான் சபைகளில் கற்கவில்லை. வடகரையில் கற்றேன்.

தென்காசியிலிருந்து பண்பொழி வழியாகப் போனால் மலையடிவாரத்தில் வடகரை. மேற்கே மலைச்சுவர், அதன் மடியில் மேக்கரையில் அனுமன் நதியை மறித்துக் கட்டிய அடவிநயினார் அணை. வயல், தென்னை, மா. பழைய பாளையப்பட்டுக் காலத்தில் இது பெரிய பெயர். சொக்கம்பட்டி ஜமீனையே வடகரை ஆதிக்கம் என்றுதான் சொன்னார்கள். பூலித்தேவர் காலத்துப் போர்க் கதைகளில் வடகரைப் பாளையமும் வரும். இன்றைக்குச் செய்தித்தாளில் வடகரை வந்தால் பெரும்பாலும் யானைச் செய்தியாக இருக்கும். காட்டிலிருந்து இறங்கிய யானைகள் தென்னையையும் வாழையையும் சாய்த்துவிட்டுப் போயிருக்கும். தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள் டார்ச்சோடும் வெடியோடும் இராத்தூக்கத்தை மலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். காலையில் டீக்கடை பெஞ்சில் அவர்கள் உட்காரும் விதமே தனி. முதுகு வளைந்து, இரண்டு முழங்கையும் தொடையில் ஊன்றி, கிளாசை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமலே தூங்குவார்கள். அந்த வளைவு என் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

தெருவுக்குள் போனால் பீடி. தென்காசி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு பீடியில்தான் எரிகிறது. திண்ணையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சுளகு, அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். இலையை எடுத்து, தூளை நிரவி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதை பாதி முடிந்திருக்கும். கண் இலையைப் பார்ப்பதே இல்லை. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வரையலாமா என்று கேட்டேன். வயதில் மூத்தவர் ஒருவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“மொகத்த வரைய வேண்டாம் தம்பி. கைய வேணும்னா வரைஞ்சிக்கிடுங்க.”

கையைத்தான் வரைந்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இலையைப் பிடிக்கிறபோது மற்ற மூன்று விரலும் விசிறியாக விரிகின்றன. நூலை இழுக்கிறபோது மணிக்கட்டு உள்ளே மடங்கி, முழங்கை வெளியே போகிறது. ஒரு பீடிக்கு இத்தனை அசைவு, அதே வரிசையில், பிசகாமல், நாளெல்லாம். அவர்கள் கண் இலையில் இல்லாதபோது என் கண் மட்டும் ஏன் தாளில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணை அவர்கள் விரல்மேலேயே வைத்துக்கொண்டு கையை ஓட விட்டேன். கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. ஏறினாலும் அதில் வேகம் இருந்தது. முடித்துக் காட்டியபோது அந்தப் பெரியம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது என் கைதான். பெருவெரல் நகம் பாத்தியளா, தேஞ்சிருக்கு.”

நாட்டியம் படிக்கிறவர்கள் கை முத்திரைகளை அரும்பாடுபட்டுப் பயில்கிறார்கள். அந்தக் கைகளை வரைய வேண்டுமானால் முதலில் வேலை செய்கிற கைகளை வரைந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எலும்பும் மூட்டும் ஒன்றுதான். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பதை உழைக்கிற கை ஒளிக்காமல் காட்டும். மேடைக்கை அதை அழகுக்குள் மறைத்துவிடும்.

இதை இந்த மண்ணே சொல்லியிருக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். அந்த நாடகத்தின் பாதி அசைவு உழைப்பில் பிறந்தது. வசந்தவல்லி பந்தடிக்கிறாள். சிங்கி கூடையோடு வந்து மலைவளம் சொல்லிக் கையைப் பிடித்துக் குறி பார்க்கிறாள். சிங்கனும் நூவனும் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறார்கள். பதுங்குவது, நிமிர்வது, சுமப்பது, தேடுவது எல்லாம் மலைக்காரர்களின் அன்றாடம். அதை ஆட்டமாக்கினார் கவிராயர். 1944-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான். குற்றாலத்திலேயே வந்து தங்கிவிட்ட ரசிகமணி டி.கே.சி. இந்த நூலை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சுவைக்கவைத்தார். மேலகரத்தைப் பேருந்தில் கடக்கும்போது, தலையில் புல்லுக்கட்டோடு சாலையோரம் வரும் பெண்ணின் கழுத்தையும் இடுப்பையும் கவனியுங்கள். சிங்கியை எப்படி வரைவது என்று அவர் நடந்தே காட்டிவிடுவார்.

இனி இந்தப் பகுதியின் சொந்த ஆட்டத்துக்கு வருகிறேன். கணியான் கூத்து. நெல்லை, தென்காசிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில்களில் நடக்கும் கொடை விழா இது இல்லாமல் முடியாது. நடுவில் அண்ணாவி நின்று கதை பாடுவார். பெண் வேடம் கட்டிய இரண்டு ஆண்கள் அவருக்குப் பக்கத்தில் ஆடுவார்கள். பின்பாட்டுக்காரர் ஒருவர். மகுடம் அடிப்பவர்கள் இருவர். ஒன்று உச்சம், மற்றது மந்தம். வட்ட மரச் சட்டத்தில் தோல் கட்டிய கருவி அது. ஈரக் காற்று பட்டால் தோல் தளரும், நாதம் கெடும். அதனால் கோயிலுக்கு ஒதுக்குப்புறமாகத் தீ மூட்டி அவ்வப்போது காய்ச்சுவார்கள். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஒரு கொடை இரவில் அந்தத் தீ வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் தொடங்கினேன். மகுடத்தைத் தீயருகே திருப்பித் திருப்பிப் பிடித்து, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிற அந்த முகத்தை வரையாமல் கூத்தை மட்டும் வரைந்தால் கதை பாதிதான்.

வேடக்காரர் சலங்கை கட்டிக்கொண்டே என் அட்டையை எட்டிப் பார்த்தார்.

“மொகம் சரியா வரலன்னாலும் பரவால்ல அண்ணாச்சி. சலங்கைய மட்டும் விட்டுராதிய.”

அவர் சொன்னது எனக்கு வேலையாகவே அமைந்தது. ஆட்டம் தொடங்கியதும் முகத்தைத் தொடவில்லை. மகுடத்தின் அடி விழும்போதெல்லாம் சலங்கைக் கால் தரையில் விழும். அந்த நொடியில் பென்சில் தாளில் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மந்த மகுடத்தின் கனத்த அடிக்குத் தடித்த கோடு, உச்சத்தின் துள்ளலுக்கு மெல்லிய கோடு. அண்ணாவி கதையை வேகப்படுத்தினால் கால்கள் நெருங்கி வரும், கோடும் நெருங்கும். சுடலை மயானத்துக்குப் போகிற இடத்தில் ஆட்டம் ஒரு வட்டத்துக்குள் சுருங்கியது. அந்தப் பக்கத்தில் உருவமே இல்லை; பாதங்கள் மட்டும், வட்டமாக. கூத்து விடிய விடிய நடந்தது. சாமியாடிகளுக்கு அருள் வந்த நேரத்தில் அட்டையை மூடிவிட்டேன். எல்லாவற்றையும் வரைய வேண்டியதில்லை. எதை வரையக்கூடாது என்பதை அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

சாரல் காலத்தில் இந்தப் பக்கம் வரைய வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர்வண்ணத்தை நம்பி வராதீர்கள். காற்றிலேயே தண்ணீர் இருப்பதால் தாள் காயாது, மை கசியும். மெழுகுப் பென்சிலும் கெட்டித் தாளும் போதும். தாளை வைக்க ஒரு பிளாஸ்டிக் பை. யாரை வரைந்தாலும் முதலில் கேளுங்கள், முடித்ததும் காட்டுங்கள். கேட்டால் கொடுத்துவிட்டும் வாருங்கள்.

கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கற்பிக்கிற ஆசிரியர்களிடம் கேட்கிறேன். மாணவர்கள் வகுப்பறையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மாடலை வரைகிறார்கள், அது தேவைதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களை ஒரு கொடைக்கு அழைத்து வாருங்கள். அண்ணாவியிடம் முன்கூட்டியே பேசி, ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி வாங்கி, இரவு முழுக்க உட்கார வையுங்கள். மறுநாள் பகலில் பீடித் திண்ணையிலும் வயலிலும் டீக்கடையிலும் வரையச் சொல்லுங்கள். கணியான் கூத்து ஆடுகிறவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். இப்போது ஆடிக்கொண்டிருக்கிற கால்களை இப்போதே வரைந்தால்தான் உண்டு.

(தொடரும்)